ஒரே தகடு, பல பேண்ட்: போனுக்குள்ள ஆன்டெனா எப்படி அடங்குது?

(திரையில்: பின்மூடி கழட்டின போன். ஓரத்துல மெல்லிசா ஒரு உலோகத் தகடு.)

வணக்கம். இந்தத் தகடுதான் ஆன்டெனா. போன் சிக்னல் போய் வர்ற 900 மெகாஹெர்ட்ஸ், 1800 மெகாஹெர்ட்ஸ்னு ரெண்டு பேண்டையும், அதாவது ரெண்டு அதிர்வெண் வரம்பையும், இது ஒண்ணே பார்த்துக்கணும். இங்கதான் கணக்கு இடிக்குது.

ஒளியோட வேகத்தை அதிர்வெண்ணால வகுத்தா அலைநீளம். 900-க்கு அது சுமார் 33 சென்டிமீட்டர். கிரவுண்ட் மேல, அதாவது போர்டோட பொது உலோகப் பரப்பு மேல, நிக்கற கம்பி அந்த அதிர்வெண்ணுக்கு ஒத்திசைய அந்த அலைநீளத்துல கால் பங்கு வேணும், அதாவது 8.3 சென்டிமீட்டர். போனுக்குள்ள அவ்வளவு உயரத்துக்கு எங்க போறது?

(அனிமேஷன்: நிக்கற கம்பி படுத்து, தகடா விரியுது.)

அதனால கம்பியைப் படுக்க வெச்சு, அகலமாக்கி, ஒரு ஓரத்தைக் கிரவுண்டோட இணைச்சுடறோம். இதுக்குப் பேர் பிஃபா (PIFA), பிளேனர் இன்வெர்ட்டட்-எஃப் ஆன்டெனாவோட சுருக்கம். அந்த இணைப்புக்கும் சிக்னல் உள்ள நுழையற ஃபீட் புள்ளிக்கும் நடுவுல இடைவெளியைக் கூட்டிக் குறைச்சா ரேடியோ சர்க்யூட்டோட 50 ஓம்ஸுக்குப் பொருத்திடலாம்.

ரெண்டாவது பேண்டுக்கு, தகட்டுல 'ப' வடிவத்துல ஒரு பிளவு வெட்டறோம். பிளவைச் சுத்திப் போற நீளமான பாதை 900-க்கு. உள்ள மாட்டிக்கிட்ட குட்டைத் துண்டு 1800-க்கு. வெட்டாமலே வராதான்னா, வராது. கால் அலைக் கம்பி அடுத்து ஒத்திசையறது மூணு மடங்குல, அதாவது 2700 பக்கத்துல.

(திரையில்: போர்டு முழுக்க மின்னோட்டம் வண்ணமாப் பரவுது.)

இந்தப் படத்தைக் கொஞ்சம் நிதானமாப் பாருங்க. 900-ல பெரும்பாலும் கதிர்வீசறது தகடு இல்ல, போர்டோட கிரவுண்ட். தகடு அதை உலுக்கி விடுது, அவ்வளவுதான். பத்து சென்டிமீட்டர் போர்டுல அருமையா வேலை செஞ்ச ஆன்டெனாவை நாலு சென்டிமீட்டர் போர்டுல அப்படியே வெச்சா, பேண்ட் அகலம் சுருங்கிடும். போர்டுல ஒட்டற ரெடிமேட் சிப் ஆன்டெனா வாங்கறவங்க டேட்டாஷீட்ல முதல்ல பார்க்க வேண்டியது, எந்த அளவு போர்டுல சோதிச்சாங்கங்கறதைத்தான். நிறைய பேர் அதைத் தாண்டிப் போயிடறாங்க, அதான் எனக்கு வருத்தம்.

இப்படி பேண்ட் அகலம் சுருங்கறது வெறும் திறமைக் குறைவு இல்ல, இயற்பியலே போட்ட வேலி. 1948-ல சூ (Chu)ங்கற ஆய்வாளர் காட்டினார்: ஆன்டெனா அடங்கற கோளம் சின்னதாக ஆக, பேண்ட் அகலமும் குறைஞ்சே தீரும். இழப்பைச் சேர்த்தா அகலம் கூடும், ஆனா சக்தி சூடாப் போயிடும்.

அதனால எஸ்11 வரைபடத்தை, அதாவது அனுப்பின சக்தில எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டற படத்தை, மட்டும் நம்பாதீங்க. போன்ல மைனஸ் 6 டெசிபலையே ஏத்துக்கறாங்க, அதாவது கால் பங்கு சக்தி திரும்பி வந்தாலும் பரவாயில்ல. ஆனா ஆன்டெனா இருக்கற இடத்துல வெறும் 50 ஓம்ஸ் ரெசிஸ்டரை வெச்சாலும் எஸ்11 பிரமாதமா இருக்கும், துளிகூட கதிர்வீசாது. செயல்திறனைத் தனியா அளக்கணும்.

(திரையில்: மூடி போட்ட போன், அதைப் பிடிச்ச கை.)

பிளாஸ்டிக் மூடியும் கையும் கிட்ட வந்தா ஒத்திசைவு கீழ இறங்கும். அதனால தகட்டை ஒரு மில்லிமீட்டர் நீளமா விட்டு வெச்சு, மூடியைப் போட்டு அளந்து, கொஞ்சம் கொஞ்சமா கத்தரிங்க.