பத்துக்கு நாலு வாங்கிய பள்ளி மோசமான பள்ளியா? சிகாகோ ரிப்போர்ட் கார்டைப் பிரித்துப் பார்ப்போம்

வணக்கம் மக்களே. சிகாகோவுக்கு வேலை மாற்றலாகி வரும் நம் ஊர்க் குடும்பங்கள் வாடகைக்கு அடுத்தபடியாகக் கேட்பது, "அந்த ஏரியா ஸ்கூல் எப்படி?" என்பதுதான். கேட்பதற்கு முன்பே வீடு தேடும் ஜில்லோ தளத்தைத் திறந்து, வீட்டுப் படத்துக்குக் கீழே போட்டிருக்கும், பள்ளிகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் கிரேட்ஸ்கூல்ஸ் தளத்தின் எண்ணைப் பார்த்திருப்பார்கள். 9 என்றால் நிம்மதி. 4 என்றால் அந்த வீட்டைப் பார்க்கக்கூடப் போக மாட்டார்கள், நேராகப் புறநகரான நேப்பர்வில். நேப்பர்வில் பள்ளிகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த 4 எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ஒரே ஒரு எண்ணை வைத்து ஒரு பள்ளியையும் அதில் படிக்கும் பிள்ளைகளையும் ஒதுக்கித் தள்ளுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

சரி, ஸ்கிரீனைப் பாருங்கள். இது இல்லினாய் மாநிலத்தின் ரிப்போர்ட் கார்டு தளம். எந்த அரசுப் பள்ளியின் பெயரைப் போட்டாலும் விவரம் வரும், காசு கிடையாது. சிகாகோவில் எலிமென்டரி என்றால் பெரும்பாலும் கிண்டர்கார்டனிலிருந்து 8ஆம் கிரேடு வரை ஒரே கட்டடம். 3ஆம் கிரேடிலிருந்து 8 வரை ஆண்டுதோறும் வாசிப்பு, கணிதம் இரண்டிலும் மாநிலத் தேர்வு உண்டு. 2002இல் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டத்தால் இது நாடு முழுக்கக் கட்டாயமானது. அந்தச் சட்டத்தைத் திட்டாத ஆசிரியர் குறைவு. ஆனாலும் அது ஒரு நல்ல காரியம் செய்தது. மொத்தச் சராசரியை மட்டும் காட்டித் தப்பிக்க முடியாது, இனம், வருமானம், ஆங்கிலம் கற்போர், மாற்றுத்திறன் மாணவர்கள் என்று பிரித்துத்தான் காட்ட வேண்டும் என்றது. நாம் பார்க்க வேண்டியது அந்தப் பிரிவைத்தான்.

ஏன் என்று ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். இரண்டு பள்ளிகள். முதல் பள்ளியில் 80 சதவீதம் வசதியான வீட்டுப் பிள்ளைகள், 20 சதவீதம் ஏழைப் பிள்ளைகள். வசதியானவர்களில் 60 சதவீதம் தேர்ச்சி, ஏழைகளில் 20. மொத்தம் 52 சதவீதம் வரும். இரண்டாவது பள்ளியில் விகிதம் தலைகீழ். அங்கே வசதியானவர்களில் 65 தேர்ச்சி, ஏழைகளில் 25. இரண்டு பிரிவிலும் இந்தப் பள்ளிதான் முன்னால் நிற்கிறது. ஆனால் மொத்தத்தைக் கூட்டினால்? 33. நீங்கள் எந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பீர்கள்? தளத்தில் மொத்தத்தை மட்டும் பார்த்தால், இரண்டு பிரிவிலும் பின்தங்கிய பள்ளியைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள், அதுவும் கூடுதல் வாடகை கொடுத்து.

வீட்டு வசதிக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1966இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் அரசே ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்தது. பள்ளிக்குச் செலவிடும் பணத்தை விடக் குடும்பப் பின்னணிதான் மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டியிருக்கிறது என்று வந்தது. இதைச் சிலர் "அப்போ பள்ளியால் ஒன்றும் ஆகாது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. சிகாகோவே அதற்கு அத்தாட்சி.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் 2017இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன், ஏனென்றால் இது நம் ஆட்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வரவே வராது. 2009 முதல் 2014 வரையிலான தேர்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். சிகாகோ அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 3ஆம் கிரேடில் தேசிய சராசரிக்கு நன்றாகக் கீழே இருந்தார்கள். ஆனால் அங்கிருந்து 8ஆம் கிரேடுக்குப் போகும் 5 ஆண்டில், மற்ற ஊர்ப் பிள்ளைகள் சராசரியாக 6 ஆண்டில் கற்பதைக் கற்றிருந்தார்கள். நாட்டின் பெரிய பள்ளி டிஸ்ட்ரிக்டுகளில் (ஓர் ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) இந்த வேகம் முதல் வரிசையில் இருந்தது. 3ஆம் கிரேடு மதிப்பெண் என்பது பிள்ளை பிறந்ததிலிருந்து அதுவரை கிடைத்த எல்லாவற்றின் கூட்டல். அதற்கு அப்புறம் வரும் முன்னேற்றத்தில்தான் பள்ளியின் கை அதிகம்.

அதனால் ரிப்போர்ட் கார்டில் "வளர்ச்சி" என்ற பகுதியைத் தேடுங்கள். போன ஆண்டு இதே மதிப்பெண் எடுத்த மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு, இந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று 1 முதல் 99 வரை ஓர் இடம் கொடுப்பார்கள். 50 நடுத்தரம். தேர்ச்சி குறைவாகவும் வளர்ச்சி 55, 60 ஆகவும் இருக்கும் பள்ளியைக் கண்டால் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். அங்கே யாரோ உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்துகிறார்கள். இன்னொன்று, 2025இல் இல்லினாய் தேர்ச்சிக்கான மதிப்பெண் எல்லையையே மாற்றியது. அதனால் அந்த ஆண்டுச் சதவீதத்தை முந்தைய ஆண்டோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள்.

இப்போது யார் படிக்கிறார்கள் என்ற பக்கம். சிகாகோ டிஸ்ட்ரிக்டில் மூன்று லட்சத்துக்கு மேல் மாணவர்கள். பாதிக்குச் சற்றுக் குறைவாக லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள், சுமார் மூன்றில் ஒரு பங்கு கறுப்பினப் பிள்ளைகள். குறைந்த வருமானக் குடும்பம் என்ற கட்டத்தில் பத்தில் ஏழு பேர் வருகிறார்கள். எல்லோருக்கும் இலவச மதிய உணவு என்று பள்ளியில் போட்டிருந்தால் எல்லோருமே ஏழைகள் என்று நினைக்க வேண்டாம். உதவி பெறும் குடும்பங்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால், விண்ணப்பமே இல்லாமல் எல்லாப் பிள்ளைக்கும் உணவு போட மத்தியச் சட்டம் இடம் கொடுக்கிறது.

"ஆசியர்" என்ற கட்டத்தையும் நம்பாதீர்கள். இந்தியக் கடைகள் நிறைந்த டெவன் அவென்யூ பக்கம் ஒரு பள்ளியில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவரின் பிள்ளையும், மியன்மாரிலிருந்து உயிர் தப்பி வந்த ரோஹிங்கியா குடும்பத்துப் பிள்ளையும் அதே கட்டத்தில்தான் வருவார்கள்.

ஆங்கிலம் கற்போர் மதிப்பெண் எந்தப் பள்ளியிலும் தாழ்வாகத்தான் தெரியும். ஆங்கிலம் நன்றாக வந்த பிள்ளை அந்தப் பட்டியலை விட்டு வெளியேறிவிடும், புதிதாக வந்த பிள்ளை உள்ளே சேரும். 2022 முதல் வெனிசுவேலாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஏராளமாகச் சேர்ந்தார்கள், பல பேர் ஆண்டு நடுவில். அவர்களைச் சேர்த்துக்கொண்ட பள்ளியின் சராசரி இறங்கினால் அது பள்ளியின் குற்றமா? தயவுசெய்து ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி என்ன என்று கேட்டால் தமிழ் என்றே எழுதுங்கள். பிள்ளையை மட்டமான வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து ஆங்கிலம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது தண்டனை இல்லை, பிள்ளைக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டிய உதவி.

எண்களை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த ஊரில் உதாரணம் இருக்கிறது. 2013இல் சுமார் 50 பள்ளிகளை மூடினார்கள். பிள்ளைகள் குறைவு, கட்டடம் காலியாகக் கிடக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினக் குழந்தைகள். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். மூடப்போகிறோம் என்று அறிவித்த ஆண்டிலேயே அவர்கள் மதிப்பெண் சரிந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

வீடு பார்க்கும்போது பள்ளிக்கு ஒரு போன் போட்டு, சுற்றிப் பார்க்க வரலாமா என்று கேளுங்கள். மூன்று விஷயம் விசாரியுங்கள். ஆசிரியர்கள் எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள்? நீண்ட நாள் விடுப்பு எடுக்கும் பிள்ளைகளை யார் பின்தொடர்கிறார்கள்? ஆண்டு நடுவில் வரும் பிள்ளையை முதல் வாரம் யார் கவனிக்கிறார்கள்? பதில் சட்டென்று வருகிறதா என்று பாருங்கள்.

உங்கள் பிள்ளை சிகாகோவில் உங்கள் ஏரியாவின் அரசுப் பள்ளியில் படித்தால், வளர்ச்சி எண் எவ்வளவு, உங்கள் அனுபவம் என்ன என்று கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில் மேக்னட் பள்ளி (சிறப்புப் பாடத்திட்டத்தோடு மற்ற ஏரியா பிள்ளைகளையும் சேர்க்கும் அரசுப் பள்ளி), குலுக்கல் முறை, விண்ணப்பத் தேதிகள் பற்றிப் பேசுகிறேன்.