கடுகு டப்பாவுக்குள் மூன்று அட்டை

நேயர்களுக்கு வணக்கம். ரத்தசோகையைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டபோது, எனக்கு ஒரு கடுகு டப்பாதான் நினைவுக்கு வந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஐந்தாம் மாதத்தில் வந்த பெண் அவள். ரத்தம் எட்டரை பாயிண்ட். கர்ப்பிணிக்குக் குறைந்தது பதினொரு பாயிண்ட் இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன். அடுத்த மாதமும் அதே எட்டரை. “மாத்திரை சாப்பிட்டியாம்மா?” என்றேன். “சாப்பிட்டேன் மேடம்” என்றாள். பக்கத்தில் நின்ற மாமியார் விடவில்லை. “எங்க சாப்பிட்டா? கடுகு டப்பாக்குள்ள மூணு அட்டை அப்படியே கிடக்குது.”

நாலு நாள் விழுங்கியிருக்கிறாள். வயிற்றைப் புரட்டியிருக்கிறது, மலம் கறுப்பாகப் போயிருக்கிறது. பயந்துபோய் நிறுத்திவிட்டாள். தப்பு அவளுடையது இல்லை. கறுப்பாகப் போகும் என்று முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும்.

2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேல் ரத்தசோகை. மாத்திரை அரசாங்கம் இலவசமாகவே கொடுக்கிறது. ஆனால் அது வயிற்றுக்குள் போக வேண்டுமே!

அசதி, படி ஏறினால் மூச்சு வாங்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். பச்சரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்வது, சிலேட்டுக்குச்சி, ஐஸ்கட்டி தின்பது, இவையும் அறிகுறிதான். அரிசி தின்றால் ரத்தம் குறையும் என்று வீட்டில் திட்டுவார்கள். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். ரத்தம் குறைந்ததால்தான் வாய் அரிசி கேட்கிறது.

சரி, கறுப்பு ஏன்? உடம்பு எடுத்துக்கொள்ளாத மிச்ச இரும்பு வெளியே போகிறது, அவ்வளவுதான். பயம் வேண்டாம். ஆனால் தார் மாதிரி பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனால், தலையும் சுற்றினால், அது குடலில் ரத்தக்கசிவாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

வெறும் வயிற்றில் போட்டால்தான் இரும்பு நன்றாகச் சேரும் என்பது உண்மை. குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டு படுத்துவிடுங்கள். கொஞ்சம் குறைவாகச் சேர்ந்தாலும் கடுகு டப்பாவில் கிடப்பதைவிட மேல். டீ, காபிக்கும் மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். கர்ப்பிணிகள் பலர் சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒரே வாயில் விழுங்குகிறார்கள். சுண்ணாம்புச்சத்து இரும்பைச் சேரவிடாது. அதைப் பகல் சாப்பாட்டோடும் இதை இரவிலும் வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது.

மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கொய்யா, வாழைத்தண்டு. அதற்கும் மசியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக் கேளுங்கள். இரும்பிலேயே பல வகை உண்டு. ஒரு மாத்திரை போட்டதும் குடல் ஏறக்குறைய ஒரு நாளைக்குக் கதவைச் சாத்திக்கொள்கிறது. அதனால் கர்ப்பமில்லாத சிலருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் எழுதித் தருகிறோம். அதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். மாத்திரை ஒத்தே வராதவர்களுக்கும், பிரசவம் நெருங்கியும் ரத்தம் ஏறாதவர்களுக்கும் நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம். அரிதாக ஒவ்வாமை வரும் என்பதால் பக்கத்தில் ஆள் இருந்து பார்த்துக்கொள்வோம்.

“பீட்ரூட் சாப்பிடுகிறேனே டாக்டர்” என்பவர்களுக்கு: நிறம்தான் ரத்தம் மாதிரி, இரும்பு கொஞ்சம்தான். ஆட்டின் சுவரொட்டியில், அதாவது மண்ணீரலில், உண்மையிலேயே இரும்பு உண்டு. முருங்கைக்கீரையும் சாப்பிடுங்கள். ஆனால் எட்டு பாயிண்டைப் பதினொன்றாக்குவது மாத்திரையின் வேலை.

ஒரு மாதத்தில் ஒன்றிரண்டு பாயிண்ட் ஏறிவிடும், தெம்பும் வரும். அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ரத்தம் சரியான அளவுக்கு வந்த பிறகும் மூன்று மாதம் போட்டால்தான் உடம்பின் சேமிப்பு நிரம்பும். அப்புறம், அட்டையைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து நாலைந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ ஆணுக்கோ இரும்பு குறைந்தால் மாத்திரை மட்டும் போதாது. ரத்தம் எங்கே கசிகிறது என்று தேட வேண்டும். வயிற்றுப் புண்ணாக இருக்கலாம், மூலமாக இருக்கலாம், கொக்கிப் புழுவாக இருக்கலாம், சிலருக்குக் குடல் புற்றுநோயாகவும் இருக்கும்.

அந்தப் பெண் இரவில் போட ஆரம்பித்தாள். மாமியார் தினமும் அட்டையை எண்ணினார். ஒன்பதாம் மாதத்தில் பத்தரை பாயிண்ட். அன்று மாமியார், “எனக்கும் மேல்மூச்சு வாங்குது, பாருங்களேன்” என்று விரலை நீட்டினார். ஒன்பதுதான் இருந்தது. மாத்திரைச் சீட்டோடு, மலப் பரிசோதனைக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்.