சுசீந்திரமா, சுங்கான்கடையா? வீடு வாங்கப் போகும் சகோதரிக்கு ஒரு பதில்

வணக்கம் மக்களே. இன்றைக்கு முதலில் எடுத்துக்கொள்வது ஒரு சகோதரி அனுப்பிய கேள்வி. ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி இதே கேள்வியை நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன்.

அவர் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டுக்காரர் அஞ்சுகிராமம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். பிள்ளைகள் இரண்டு, மூத்தது ஐந்தாம் வகுப்பு, இளையது ஒன்றாம் வகுப்பு. மாமியாரும் கூட இருக்கிறார். இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்று சுசீந்திரத்தில், ஏழு சென்ட், புது வீடு. இன்னொன்று சுங்கான்கடையில், நாலே சென்ட், கொஞ்சம் பழைய வீடு. இரண்டுக்கும் கேட்கிற விலை ஏறக்குறைய 58 லட்சம். வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் சுசீந்திரம்தான் பிடித்திருக்கிறது. கோயில் பக்கத்தில் இருக்கிறது, தெருவும் அமைதி, தோட்டம் போட இடம் இருக்கிறது. சகோதரிக்கு சுங்கான்கடை. "குடும்பமாக இருக்க எது நல்லது சார்?" என்று கேட்கிறார்.

குடும்பம் இருக்க இரண்டும் நல்ல இடம்தான். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பஞ்சமில்லை, 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம், கிட்டத்தட்ட 92 சதவீதம். ஆகவே ஸ்கூலை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஸ்கூல் வேன் தெருவுக்குள் வருமா, மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுமா என்பதுதான் கேள்வி. சுங்கான்கடையில் இது பெரிய விஷயம். திருவனந்தபுரம் போகிற தேசிய நெடுஞ்சாலை ஊர் நடுவே போகிறது. உங்கள் வீடு ரோட்டுக்கு ஒரு பக்கம், வேன் நிற்பது மறுபக்கம் என்றால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கையைப் பிடித்துத் தினமும் இரண்டு தடவை யார் ரோட்டைத் தாண்டிவிடுவது? மாமியாரா? வீட்டைப் பார்க்கப் போனபோது இதைக் கவனித்தீர்களா என்று தெரியவில்லை, இன்னொரு தடவை பள்ளி நாளில் காலை எட்டரை மணிக்குப் போய் அந்தத் திருப்பத்தில் கால் மணி நேரம் நின்று பாருங்கள்.

அடுத்து வேலைக்குப் போகிற தூரம். யாராவது ஒருவர் நாகர்கோவிலைக் குறுக்கே வெட்டிப் போய்த்தான் ஆக வேண்டும். சுசீந்திரத்தில் இருந்தால் நீங்கள் இடலாக்குடி, கோட்டார், செட்டிகுளம் வழியாக ஆசாரிபள்ளம் போக வேண்டும். கோட்டார் ரோடு எப்படி இருக்கும் என்று நாகர்கோவில்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுங்கான்கடையில் இருந்தால் அந்தச் சிரமம் வீட்டுக்காரருக்கு. கிலோமீட்டர் கணக்குப் போட்டால் அவருக்குத்தான் அலைச்சல் அதிகம். ஆனால் அவர் பகலில் போய்ப் பகலில் திரும்புகிறவர். ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ். நீங்கள் நைட் டூட்டி பார்க்கிறவர். ராத்திரி முழுக்கக் கண்விழித்துவிட்டுக் காலையில் ஸ்கூட்டரில் கோட்டார் நெரிசலுக்குள் நுழைவதை நான் எந்தத் தங்கைக்கும் சொல்ல மாட்டேன். வேலைக்குப் பக்கத்தில் வீடு தேவைப்படுவது இரவில் வேலை பார்க்கிறவருக்குத்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. சுசீந்திரம் கன்னியாகுமரி போகிற வழியில் இருக்கிறது. கார்த்திகையில் ஐயப்பன் சீசன் தொடங்கினால் தை வரை வண்டிகள் ஓய்வதில்லை. நடுவில் மார்கழித் திருவிழா, பத்து நாள், தேரோட்டத்தன்று சொல்லவே வேண்டாம். மாமியாருக்கு அது கொண்டாட்டம், எனக்கும் பிடிக்கும், மறுக்கவில்லை. டூட்டிக்குப் போகிறவர் அந்த நாட்களையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சரி, இப்போது நிலத்துக்கு வருவோம். ஏழு சென்ட், புது வீடு, நாலு சென்ட் வீட்டின் விலைக்கே கிடைக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். சில நேரம் காரணம் சாதாரணமானதுதான், விற்கிறவருக்கு அவசரம், அல்லது வெளிநாட்டில் இருக்கிறார். ஆனால் சுசீந்திரம், தேரூர், தெங்கம்புதூர் பக்கமெல்லாம் பழையாற்றுப் பாசன வயல்கள். வயலை நிரப்பிக் கட்டிய வீடா என்று முதலில் பார்க்க வேண்டும். பட்டாவில் நன்செய் (வயல் நிலம்) என்று இருக்கிறதா, புன்செய் (மேட்டு நிலம்) என்று இருக்கிறதா பாருங்கள். அதை ஆன்லைனிலேயே பார்க்கலாம்.

காகிதம் மட்டும் போதாது, நேரிலும் பாருங்கள். வீட்டைச் சுற்றி என்ன மரம் நிற்கிறது? முதிர்ந்த பலா, மாமரம் நின்றால் அது பழைய மேட்டு நிலமாக இருக்க வாய்ப்பு அதிகம். வாழையும் இளம் தென்னையும் மட்டும் நின்றால் கொஞ்சம் யோசியுங்கள். வளர்ந்த தென்னை நின்றால் அதன் தூரைப் பாருங்கள். தூர் பகுதி அகலமாக, வேர் வெளியே தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். தூரே தெரியாமல் மண்ணிலிருந்து நேராகத் தடி மட்டும் கிளம்பி நின்றால், அங்கே இரண்டு மூன்று அடி மண் கொட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் காம்பவுண்டு சுவர். சுவரின் கீழ்ப் பாதிக்கு மட்டும் புது பெயிண்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். அக்கம்பக்கத்தில் வயதானவர் யாராவது இருந்தால் "2021 நவம்பர் மழையில் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். விற்கிறவரிடம் கேட்காதீர்கள், புரோக்கரிடமும் கேட்காதீர்கள். மூன்றாவது வீட்டுப் பாட்டி சரியாகச் சொல்லிவிடுவார்.

நிரப்பிய வயலில் வீடு கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அஸ்திவாரத்தைக் கெட்டியான மண் வரை இறக்கியிருந்தால் வீடு நிற்கும். பிரச்சினை செப்டிக் டேங்க். தாழ்ந்த இடத்தில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் டேங்க் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் கழிப்பறையில் எதிர்த்துக்கொண்டு வரும். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, ஆகவே வருஷத்தில் இரண்டு தடவை இந்தக் கஷ்டம். கிணற்றுக்கும் டேங்குக்கும் இடைவெளி குறைவாக இருந்தால் குடிக்கிற தண்ணீருக்கே ஆபத்து.

குளம் தெரிகிற வீடு என்று சொல்லி விற்றால் கூடுதல் கவனம் வேண்டும். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022-ல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, பறவைகள் வருகிற இடம், அழகுதான். ஆனால் குளத்துப் புறம்போக்கு எங்கே முடிகிறது, உங்கள் சர்வே எண் எங்கே ஆரம்பிக்கிறது என்பதைப் புலப்படத்தை, அதாவது சர்வே எண்ணின் அளவு வரைபடத்தை, வைத்து ஒரு சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போய் அளந்து பாருங்கள். சானல், அதாவது பாசனக் கால்வாய், ஓரத்து மனைகளுக்கும் இதே அறிவுரைதான்.

சுங்கான்கடை வீட்டுக்கும் சோதனை உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. வேளிமலை அடிவாரப் பக்கம் மேடு, தண்ணீர் தேங்குகிற பயம் குறைவு. அதற்குப் பதிலாகக் கிணறு. சித்திரைக் கடைசியில், மழை தொடங்குவதற்கு முன்னால், கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது? இப்போது எட்டிப் பார்த்து நிறைய இருக்கிறது என்று திருப்திப்பட்டால் ஏமாந்துபோவோம். நாலு சென்ட் என்றால் 1,742 சதுர அடிதான். வீடு, கிணறு, கார் நிறுத்த இடம் எல்லாம் போக, பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் உங்கள் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்று சுவருக்கு மேலே எட்டிப் பாருங்கள். பழைய வீடு என்பதால் மொட்டைமாடிக் கசிவு, வயரிங் இரண்டையும் ஒரு மேஸ்திரியையும் எலக்ட்ரீஷியனையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அதற்கு ஆகிற செலவைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். நான்குவழிச்சாலை முடிந்தால் விலை இரட்டிப்பாகும் என்று புரோக்கர் சொல்வார். இருக்கப் போகிற வீட்டுக்கு அந்தப் பேச்சு எதற்கு? அந்தச் சர்வே எண் நில எடுப்பில் வருகிறதா என்று மட்டும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், தனி வீடியோவே போட வேண்டிய விஷயம். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் பக்கம் இருந்ததால் மூலப்பத்திரம் மலையாளத்தில் இருக்கலாம். வாசிக்கத் தெரிந்த வக்கீலிடம் கொடுங்கள், "அதெல்லாம் பழசு" என்று ஒதுக்க வேண்டாம். வில்லங்கச் சான்றில் பதிவானது மட்டும்தான் வரும், குடும்பத்துக்குள் வாய்ப்பேச்சில் பிரித்த பங்கு வராது. ஆகவே வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று பார்க்க வேண்டும், கட்டிக்கொடுத்த பெண் பிள்ளைகள் உட்பட. அங்கீகாரம் இல்லாத மனை என்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் மனையாகவே பதிவாகியிருக்க வேண்டும், அல்லது வரன்முறை, அதாவது பின்னால் அரசிடம் முறைப்படுத்தல், செய்திருக்க வேண்டும்.

முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 58 லட்சத்துக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் போய்விடும். பெண் பெயரில் எழுதினால் 1 சதவீதம் குறையும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது பத்து லட்சத்துக்குள் உள்ள சொத்துக்கு மட்டும். அப்புறம் நிறையப் பேர் மறந்துவிடுகிற ஒன்று: விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், விற்கிறவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து நீங்கள்தான் வருமான வரிக்குக் கட்ட வேண்டும். உங்கள் விஷயத்தில் 58,000 ரூபாய். விற்கிறவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்தக் கணக்கே வேறு, அப்போது ஆடிட்டரைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நானாக இருந்தால் சுங்கான்கடை. கிணறும் ரோடு தாண்டுகிற விஷயமும் சரியாக வந்தால் மட்டும். அந்த வீடு சரிவரவில்லை என்றால் பார்வதிபுரம், ஆசாரிபள்ளம் பக்கமே வேறு வீடு தேடுங்கள், கிடைக்கும். மாமியாரை வெள்ளிக்கிழமை சுசீந்திரத்துக்கு பஸ் ஏற்றிவிடலாம், வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தை மொட்டைமாடியில் போட்டுக்கொள்ளட்டும், அவர் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. வக்கீல் பத்திரத்தைப் பார்த்து முடிக்கிற வரை அட்வான்ஸ் பெரிதாகக் கொடுக்காதீர்கள். "நாளைக்கு வேறு பார்ட்டி வருகிறது" என்று அவசரப்படுத்தினால் வரட்டும் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்த கேள்வி திங்கள்நகரிலிருந்து, கிணற்றுக்கு உறை இறக்குவதைப் பற்றி.