வீட்டில் ஆள் வைத்துப் பார்க்கிறோம். அலட்சியம் நடந்தால் சட்டம் என்ன செய்யும்?

வணக்கம். படுத்த படுக்கையாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஏஜென்சி மூலம் ஆள் போட்டிருப்பவர்கள் இங்கே பல பேர் இருப்பீர்கள். ஆள் கவனிக்காமல் விட்டு முதுகில் புண் வந்துவிட்டால், "போலீஸுக்குப் போகலாமா?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. அதற்கு முன்னால் ஒன்று: மாதாமாதம் பணம் யார் கணக்குக்குப் போனது?

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முதலாளிக்கும் வேலையாளுக்கும் இடையிலான சொந்தப் பணி ஒப்பந்தத்தைச் 'சேவை' என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. நீங்களே ஆள் பிடித்து நீங்களே சம்பளம் கொடுத்தால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிற்பது கஷ்டம். பில்லும் பணமும் ஏஜென்சி பெயரில் என்றால் அது சேவைதான். இது தெரிந்தே சில ஏஜென்சிகள், "கமிஷன் மட்டும் எங்களுக்கு, சம்பளத்தை அவங்க கையிலயே கொடுத்துடுங்க" என்கின்றன. நாளைக்கு, "நாங்க ஆள் காட்டினதோட சரி" என்று கழன்றுகொள்ள வசதி. ஒத்துக்கொள்ளாதீர்கள். பணம் கட்டியது துபாயில் இருக்கும் மகன், அவதிப்பட்டது இங்கே இருக்கும் அம்மா என்றாலும் பரவாயில்லை. பயனாளியும் சட்டப்படி நுகர்வோர்தான்.

அடுத்தது சாட்சியம். படுக்கைப்புண் வழக்குகள் பலவீனப்படுவது பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாசலில்தான். சேர்க்கும்போதே புண் எந்த இடத்தில், எத்தனை சென்டிமீட்டர், எந்த நிலை என்று அட்மிஷன் குறிப்பில் டாக்டரை எழுதச் சொல்லுங்கள். "வரும்போதே இருந்தது" என்ற வரி அதில் இல்லாவிட்டால், புண் ஆஸ்பத்திரியில் வந்தது என்று ஏஜென்சி வாதாடும். வீட்டிலேயே ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துத் தேதியோடு படம் எடுங்கள். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் போட்டதாக எழுதிய சார்ட் இருந்தால் அதைக் கைப்பற்றுங்கள். ஒரே பேனாவில், ஒரே மூச்சில் ஒரு வாரத்துக்கும் நிரப்பிய சார்ட் உங்களுக்கே சாதகம். வாட்ஸ்அப், சிசிடிவி பதிவுகளுக்கு பாரதிய சாட்சிய சட்டம் (2023) பிரிவு 63-ன்படி சான்றிதழ் வேண்டும், போனை மாற்றிவிடாதீர்கள்.

புகாரை நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், ஆன்லைனிலும் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. எந்த ஆணையம் என்பதை நிர்ணயிப்பது நீங்கள் கேட்கும் நஷ்டஈடு அல்ல, சேவைக்குக் கொடுத்த பணம்: 50 லட்சம் வரை மாவட்டம். 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. கெடு இரண்டு வருடம். நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் எதிர்தரப்பு பதில் போட வேண்டும். கூடுதலாக 15 நாள் தரலாம், அதற்கு மேல் கிடையாது என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. தீர்ப்புதான் சட்டம் சொல்லும் மூன்று மாதத்தில் வருவதில்லை.

இனி போலீஸ். அலட்சியத்தால் உயிருக்கு ஆபத்து என்றால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 125, மரணம் என்றால் 106. யாரும் கவனிக்காத பிரிவு 357: தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவரைக் கவனிப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டு வேண்டுமென்றே விட்டுவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் இதற்கு ஸ்டேஷனில் நேரடியாக எஃப்.ஐ.ஆர். கிடையாது, மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். நோயாளி மாற்றுத்திறனாளி என்று காட்ட முடிந்தால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பிரிவு 92 இன்னும் கனமானது: பொறுப்பில் இருப்பவர் தெரிந்தே சோறு தண்ணீர் கொடுக்காமல் விட்டால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை. ஸ்டேஷனில் கையில் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதை (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு மட்டுமே) எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

வந்தவர் 'நர்ஸ்' என்று சொல்லப்பட்டிருந்தால் தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் நர்ஸ் என்று சொல்லிப் பணம் வாங்கியதே தனிக் குற்றச்சாட்டு.

வக்கீல் நோட்டீஸ் போனதும் ஏஜென்சி ஒரு மாதப் பணத்தைத் திருப்பித் தருவதாகப் பேசும். வாங்குவதில் தப்பில்லை. கூடவே நீட்டும் காகிதத்தில் "முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். "பகுதித் தொகை, உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று உங்கள் கையால் எழுதி, அதன் கீழே போடுங்கள்.