மெக்சிகோ படைவீரன் சுமந்த துப்பாக்கி

அவையோர்க்கு வணக்கம். 1821-இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்ற மெக்சிகோவுக்குப் பெரும்படை தேவைப்பட்டது. அப்படைக்கு வேண்டிய துப்பாக்கிகளைச் செய்யும் வசதியோ போதவில்லை. ஆகவே, நெப்போலியன் போர்கள் முடிந்தபின் பிரிட்டனில் மிஞ்சிக்கிடந்த 'பிரவுன் பெஸ்' துப்பாக்கிகளை அது விலைக்கு வாங்கிற்று. 'இந்தியா வடிவம்' எனப்படும் இவ்வகை, முதலில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகளுக்கெனச் செய்யப்பட்டது என்பது நம் காதுக்குச் சுவையான செய்தி.

அதன் குழல் 39 அங்குல நீளம். வாய் முக்கால் அங்குல விட்டம். வீரன் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து, சிறிது வெடிமருந்தைத் துப்பாக்கியின் பக்கவாட்டில் உள்ள சிறு கிண்ணத்தில் இட்டு, எஞ்சியதைக் குழலின் வாய்வழியே கொட்டி, ஈயக் குண்டையும் போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். குண்டு குழலைவிடச் சிறியதாகையால் நூறு கஜத்துக்கு அப்பால் குறி நிற்காது. அதனாலேயே படை வரிசையாக நின்று ஒருசேரச் சுட்டது. காசதோரெஸ் எனப்பட்ட இலகு காலாட்படையினருக்கு மட்டும், குழலின் உட்புறம் சுருள் வரியிட்ட பேக்கர் துப்பாக்கி கிடைத்தது. கெட்டிக்க நேரம் பிடித்தாலும் இருநூறு கஜத்தில் ஆளைக் குறிவைக்க அது உதவிற்று.

1846-இல் தொடங்கிய அமெரிக்கப் போரில் பழைய துப்பாக்கியால்தான் மெக்சிகோ தோற்றது என்பாருடன் நான் உடன்படவில்லை. எதிர்த்து வந்த அமெரிக்கக் காலாட்படையிலும் பெரும்பாலோர் ஏந்தியது, பிரவுன் பெஸ் போலவே சக்கிமுக்கிக் கல்லால் பற்றும் வரியில்லாத துப்பாக்கியையே. வேறுபாடு மருந்தில் இருந்தது. அதற்கு முன்பே, மெக்சிகோவின் பகுதியாயிருந்த டெக்சாஸ் கிளர்ந்தெழுந்தபோது, 1835 அக்டோபரில் நடந்த கான்செப்சியோன் சண்டைக்குப்பின், கைப்பற்றிய மெக்சிகோ தோட்டாக்களைப் பிரித்துப் பார்த்த டெக்சாஸ்காரர்கள், உள்ளிருந்த மருந்து இடித்த கரித்தூளைவிட மேலானதன்று என்று கொட்டிவிட்டு, குண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டனர். மருந்தின் தரக்குறைவை ஈடுகட்ட அளவைக் கூட்டியபோது துப்பாக்கி தோளைக் கடுமையாக உதைத்தது. உதைக்கு அஞ்சியவர்கள் இடுப்பில் வைத்துச் சுட, குண்டுகள் எதிரியின் தலைக்கு மேலே பறந்தன. 1846-இல் நடந்த பாலோ ஆல்ட்டோ சண்டையில் மெக்சிகோவின் பீரங்கிக் குண்டுகளும் எட்டாமல் விழுந்து உருண்டுவர, அமெரிக்கர் விலகி வழிவிட்டனராம்!

மருந்தே வேண்டாத படைக்கலம் ஒன்றும் மெக்சிகோவிடம் இருந்தது. அது குதிரைவீரனின் நெடும் ஈட்டி. 1846 டிசம்பர் 6 அன்று, அப்போது மெக்சிகோவின் பகுதியாயிருந்த கலிபோர்னியாவின் சான் பாஸ்குவாலில், மழையில் நனைந்த மருந்தோடு வந்த அமெரிக்க ஜெனரல் கியர்னியின் படையை ஆந்த்ரேஸ் பீக்கோவின் கலிபோர்னியக் குதிரைவீரர்கள் ஈட்டிகளால் எதிர்கொண்டனர். அமெரிக்கர் ஏறத்தாழ இருபதுபேர் மாண்டனர். கியர்னியும் ஈட்டிக் காயம் பட்டார்.