தையல் பிரிச்சாச்சு, ஆனா குனிய மாட்டேன்! | தண்டையார்பேட்டை டைரி

வணக்கம் மக்களே! பின்னாடி கடகடன்னு கேக்குதுல்ல, அடிபம்புல தண்ணி அடிக்கறாங்க. காலையில எங்க தண்டையார்பேட்டை வீட்டுல இந்தச் சத்தம் இல்லாம ஒரு வீடியோ நான் போட்டதே இல்ல, உங்களுக்குத் தெரியும்.

தலையில முடி நடற ஆபரேஷன் பண்ணி நேத்து 12ஆவது நாள். தையல் பிரிச்சாச்சு! அவ்ளோ சந்தோஷமா இருக்கேன். பின்மண்டையில இந்தக் காதுலேர்ந்து அந்தக் காது வரைக்கும் ஒரே கோடு. நம்ம பத்து ரூபா ஸ்கேலைப் பக்கத்துல வெச்சு தம்பி போட்டோ எடுத்தான். இதோ பாருங்க, கோட்டோட அகலம் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது.

ஆனா இன்னைக்கு நான் உக்காந்ததே வேற விஷயத்துக்கு. தையல் பிரிச்ச போட்டோவ ஸ்டேட்டஸ்ல வெச்சேன். ராத்திரி ஒன்பது மணிக்கு நம்ம பசங்க வீட்டு வாசல்ல நிக்கறாங்க. "மச்சான், தையல்தான் பிரிச்சாச்சே, வா ஒரு போர்டு போடலாம்." எனக்குக் கேரம்னா உயிரு. புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024ல அமெரிக்காவுல போய் உலகக் கோப்பையில மூணு தங்கம் அடிச்சிட்டு வந்த நாள்லேர்ந்து எங்க தெருவுல போர்டு கூடிப் போச்சு. ஆனா நான் போகல. ஏன்னு அவங்க கிட்ட சொன்னதையே உங்க கிட்டயும் சொல்றேன்.

கேரம் ஆடறப்போ கழுத்து எங்க இருக்கும்? தாடை நெஞ்சைத் தொடற அளவுக்குக் குனிஞ்சுதான் ஸ்ட்ரைக்கர வெப்போம். அப்படிக் குனியும்போது பின்மண்டைத் தோல் கீழ்ப்பக்கமா இழுபடும். அந்த இழுப்பு நேரா இந்தக் கோட்டு மேலதான் விழும். டாக்டர் தோல் பட்டையை எடுத்துட்டு ரெண்டு ஓரத்தையும் இழுத்துப் புடிச்சுத் தெச்சிருக்காரு. ஏற்கெனவே அங்க இறுக்கம் இருக்கு. நம்ம வேற இழுத்தா நூல் மாதிரி இருக்கற கோடு மெல்ல மெல்ல ரிப்பன் மாதிரி அகலமாயிடும்.

இரு இரு, ஒண்ணு விட்டுட்டேன். புதுசா பாக்கறவங்களுக்கு: நான் பண்ணது எஃப்.யூ.டி. ஒரு சென்டிமீட்டர், ஒண்ணரை சென்டிமீட்டர் அகலத்துக்குப் பின்மண்டைத் தோலையே பட்டையா எடுத்து, அதுலேர்ந்து முடிவேரைப் பிரிச்சு முன்னாடி நடுவாங்க. எஃப்.யூ.ஈ.ன்னா வேரை ஒண்ணொண்ணா நோண்டி எடுக்கறது. அதுல ஒரு மில்லிமீட்டர் அகலத்துல புள்ளி புள்ளியா தழும்பு விழும், நீளக் கோடு வராது. அதனால இன்னைக்கு நான் பேசற கவலை அதைப் பண்ணவங்களுக்கு இல்ல. ஆனா அதுக்காக முழுத் தலையையும் மழிக்க எனக்கு இஷ்டமில்ல, அதனால எஃப்.யூ.டி.யை எடுத்தேன்.

சரி, தையல் பிரிச்சா காயம் ஆறிடுச்சுன்னு நினைக்கறாங்கல்ல, அதைக் கேட்டாலே எனக்குக் கோவம் வருது. மேல்தோல் ஒட்டியிருக்கு, அவ்ளோதான். உள்ள கொலாஜன், அதாவது தோலுக்குப் பலம் குடுக்கற நார், இப்போதான் பின்னிக்கினு இருக்கு. மூணு வாரத்துல அந்த இடத்துக்கு நல்ல தோலோட பலத்துல 20, 30 சதவீதம்தான் வந்திருக்கும். மூணு மாசம் ஆனா 80 சதவீதம் கிட்ட வரும். பழைய பலம் முழுசா எப்பவும் வராது. இது வரைக்கும் நூல் தாங்கிக்கினு இருந்துச்சு. நேத்து நூலும் போச்சு. அப்போ ஜாக்கிரதையா இருக்க வேண்டியது இன்னைலேர்ந்துதானே?

இன்னொண்ணு, இதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும். பின்மண்டை எனக்கு மரத்துப் போயிருக்கு. தோலை வெட்டும்போது சின்னச் சின்ன நரம்பும் போகும், உணர்வு திரும்ப சில மாசம் ஆகும்னு டாக்டர் சொன்னாரு. அதனால அங்க இழுத்தாலும் வலிக்காது. வலிக்கலையேன்னு நம்பிக் குனியாதீங்க!

கேமரா ஏன் அரிசி டிரம் மேல இருக்குன்னு இப்போ புரிஞ்சுதா? ரெண்டு வாரமா போனைக் கண்ணுக்கு நேரா தூக்கி வெச்சுத்தான் பாக்கறேன். ஷூ லேஸ் கட்டணும்னா படிக்கட்டு மேல காலைத் தூக்கி வெச்சுக்கறேன். கீழ விழுந்ததை முட்டி மடக்கி எடுக்கறேன். குளிக்கும்போது தலையைப் பின்பக்கமா சாய்ச்சு சொம்புல ஊத்திக்கறேன். தண்ணி கேன் 20 கிலோ, அதைத் தம்பிதான் தூக்கறான். ஜிம்மு? ஆறு வாரத்துக்குக் கெடையாது. அதுக்கப்புறமும் ஷ்ரக்ஸ், டெட்லிஃப்ட், தலைக்குப் பின்னாடி கையைக் கோத்துப் பண்ற சிட்-அப்ஸ் எல்லாம் டாக்டர் பாத்துட்டு சொன்னாத்தான். நடக்கறது மட்டும் பண்றேன், காசிமேடு வரைக்கும், வெயில் ஏறறதுக்குள்ள.

இப்போ தலையணை! கழுத்துல மாட்டறது, ட்ராவல் பில்லோ. முதல் வாரம் பாதி உக்காந்த மாதிரி, 45 டிகிரி சாய்ஞ்சுதான் தூங்கச் சொன்னாங்க. ராத்திரி தலை முன்னாடி தொங்கிடுதுன்னு இதைத் தேடிப் போனேன். எம்.சி. ரோடுல முதல் கடையில 450 சொன்னாங்க. திரும்பிட்டேன். அடுத்த கடையில 380. பாரிமுனை பக்கம் ஒரு அண்ணன் பிளாட்பாரத்துல வெச்சிருந்தாரு, 300ன்னாரு. "அண்ணா, ஆபரேஷன் பண்ணிக்கினு வந்திருக்கேன்"னு தொப்பியைக் கழட்டிக் காட்டினேன். ஒரு நிமிஷம் பாத்துட்டு, "180 குடு தம்பி, நல்லா ஆகட்டும்"னு குடுத்துட்டாரு. மனசு நெறைஞ்சு போச்சு எனக்கு. வீட்டுக்கு வந்து மாட்டினா அதோட ஜிப்பு சரியா தையல் மேல வந்து உரசுது! அம்மா உடனே அப்பாவோட பழைய வேட்டியைக் கிழிச்சு ரெண்டு மடிப்பா உறை தெச்சுக் குடுத்தாங்க. அந்த உறை இல்லன்னா இந்தத் தலையணை எனக்கு உதவியிருக்காது. தாங்க்ஸ் மா.

அம்மாவைச் சொன்னதும் ஞாபகம் வருது. தேங்காண்ணெய் காய்ச்சித் தழும்புல தேய்ச்சு விடறேன்னு பெரியம்மா வந்தாங்க. அன்பாத்தான் சொல்றாங்க, ஆனா இப்போ வேணவே வேணாம். புதுத் தழும்பை இப்படியும் அப்படியும் தேய்ச்சா அதுவும் இழுப்புதான். சிலிகான் ஜெல் பத்தியும் நெறைய பேர் கேட்டிருந்தீங்க. தழும்பு தடிச்சுக்கறது வேற, அகலமாகறது வேற. ஜெல் தடிப்புக்கு உதவும், இழுப்பை நிறுத்தாது. அதையும் காயம் நல்லா மூடினப்புறம் டாக்டரைக் கேட்டுட்டுத்தான் போடணும். சிகரெட்ட ஆபரேஷனுக்கு முன்னாடியே விட்டுட்டேன். நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கிடும், ரத்தம் போகலன்னா காயம் எப்படி ஆறும்?

எல்லாமே நம்ம கையில இல்லதான். பட்டையை எவ்ளோ அகலமா எடுத்தாங்க, நம்ம மண்டைத் தோல் எவ்ளோ தளர்வா இருக்கு, ஒடம்பு வாகு எப்படி, எல்லாம் சேந்துதான். சிலருக்கு எவ்ளோ பாத்துக்கிட்டாலும் விரியும். எனக்கு ஒரு ஓரத்தை லேசா சீவிட்டுத் தெச்சிருக்காங்க, டிரைக்கோஃபைட்டிக்னு பேரு. அதனால தழும்புக்குள்ளயிருந்தே முடி முளைச்சு வரும். அது எனக்குப் பெரிய நம்பிக்கை.

விரியறது முதல் ரெண்டு மூணு மாசத்துலதான் தெரியும். அதனால வாரா வாரம் ஞாயித்துக்கிழமை இதே ஸ்கேல், இதே ஜன்னல் வெளிச்சம், போட்டோ போடுவேன். மில்லிமீட்டரை நீங்களே எண்ணுங்க. தம்பி, குடம் ரொம்பிடுச்சு பாரு, வந்து தூக்கு! சரி மக்களே, ஞாயித்துக்கிழமை பாக்கலாம்.