பென் டிரைவை ஃபார்மட் பண்ணாதீங்க, ஃபைல் உள்ளயேதான் இருக்கு!

வணக்கம் மக்களே! இன்னைக்கு வேற வீடியோ போடுறதாத்தான் இருந்துச்சு. ஆனா போன வீடியோவுக்குக் கீழ வந்த கமெண்டைப் படிச்சதும் மனசே ஆறல. "ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடையில பென் டிரைவைக் குத்தினேன், வீட்டுக்கு வந்து பாத்தா ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆயிடுச்சு, கடைக்காரர் ஃபார்மட் பண்ணச் சொன்னார், பண்ணிட்டேன்." இதே கதை ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா வந்திருக்கு. அய்யோ, ஏங்க பண்ணினீங்க? உங்க ஃபைல் ஒண்ணுகூட போகல. எல்லாம் அதே பென் டிரைவுக்குள்ளதான் இருந்துச்சு.

இது ஷார்ட்கட் வைரஸோட வேலை. என்ன நடக்குதுன்னு பாருங்க. ஸ்கிரீனைக் காட்டுறேன். "போட்டோஸ்"னு ஒரு ஃபோல்டர், ஐகான் ஓரத்துல குட்டியா ஒரு அம்புக்குறி. டபுள் கிளிக் பண்ணாதீங்க. ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அதுல டார்கெட்னு ஒரு கட்டம். படிங்க: சி எம் டி, ஸ்லாஷ் சி, ஸ்டார்ட், அப்புறம் வாயில நுழையாத ஒரு பேரு, டாட் வி பி எஸ். அந்த வி பி எஸ் ஃபைல்தான் வைரஸ். அதுக்குப் பின்னாடியே எக்ஸ்ப்ளோரர், உங்க ஃபோல்டர் பேரு. புரியுதா? ஒரே கிளிக்ல முதல்ல வைரஸ் ஓடும், அடுத்த நொடி உங்க போட்டோ ஃபோல்டரும் திறக்கும். போட்டோ தெரியுதேன்னு நீங்க நிம்மதியா இருப்பீங்க. இந்த நயவஞ்சகம்தான் எனக்குக் கோபமே. நிஜ ஃபோல்டருக்கு ஹிடன், சிஸ்டம்னு ரெண்டு குறி போட்டு மறைச்சிருக்கு, அவ்வளவுதான்.

முன்னாடி பென் டிரைவைக் குத்தினாலே ஆட்டோரன்ல வைரஸ் தானா ஓடும். விண்டோஸ் 7ல பென் டிரைவுக்கு அதை நிறுத்தினாங்க, 2011 பிப்ரவரியில எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் அப்டேட் வந்துச்சு. தானா ஓட முடியாததால, நம்ம கையாலேயே கிளிக் பண்ண வைக்க வந்ததுதான் இந்த ஷார்ட்கட் வேஷம். "எக்ஸ்டென்ஷன் காட்டுற செட்டிங் ஆன்ல இருக்கு, எனக்குத் தெரிஞ்சிடும்"னு இருக்காதீங்க. ஷார்ட்கட் ஃபைல் பேரோட கடைசியில வர்ற டாட் எல் என் கேங்கிறதை அந்த செட்டிங் போட்டாலும் விண்டோஸ் காட்டாது. வியூவை டீட்டெயில்ஸ்னு மாத்தி டைப்ங்கிற நெடுவரிசையைப் பாருங்க, "ஷார்ட்கட்"னு அப்பட்டமா எழுதியிருக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். எல்லாரும் பண்ற தப்பு, பென் டிரைவை முதல்ல கிளீன் பண்றது. வேண்டாம்! வீட்டு கம்ப்யூட்டர்ல கிளிக் பண்ணியிருந்தா வைரஸ் இப்ப அங்கதான் உக்காந்திருக்கு. புதுசா ஏதாவது டிரைவ் வருதான்னு சில நொடிக்கு ஒருதரம் எட்டிப் பாத்துட்டே இருக்கும். நீங்க ஷார்ட்கட்டை அழிக்க அழிக்க அது திரும்பப் போடும். முதல்ல பென் டிரைவைக் கழட்டி வைங்க, கம்ப்யூட்டரைப் பாப்போம்.

கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப், டாஸ்க் மேனேஜர். டீட்டெயில்ஸ் டேப்ல, வி பி எஸ் ஃபைலை ஓட்டுற டபிள்யூஸ்கிரிப்ட் டாட் இ எக்ஸ் இ ஓடுதா? எண்ட் டாஸ்க். அடுத்து ஸ்டார்ட்டப் டேப். மேல தலைப்பு வரிசையில ரைட் கிளிக் பண்ணி கமாண்ட் லைன்னு ஒரு நெடுவரிசையை ஆன் பண்ணுங்க, இதை யாருமே பண்றதில்ல. "மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் பேஸ்டு ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்"னு ஒண்ணு நிக்கும். மைக்ரோசாஃப்ட்னு பேரைப் பாத்து விட்டுடாதீங்க. அந்த புரோகிராம் நல்லதுதான், அது யாரை ஓட்டுதுங்கிறதுதான் விஷயம். கமாண்ட் லைன்ல ஆப்டேட்டா, டெம்ப்னு ஏதாவது ஃபோல்டருக்குள்ள ஒரு வி பி எஸ் ஃபைலைக் காட்டும். டிசேபிள் பண்ணிட்டு, அந்தப் பாதைக்கே போய் ஃபைலை அழிங்க. விண்டோஸ் பட்டன், ஆர், ஷெல் கோலன் ஸ்டார்ட்டப்னு அடிச்சா ஸ்டார்ட்டப் ஃபோல்டர் திறக்கும். அங்கயும் ஒரு காப்பி வச்சிருக்கும், பாருங்க.

பிறகு விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ், கடைசியா விண்டோஸோட சொந்த ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டரோட ஆஃப்லைன் ஸ்கேன். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுசா ஏறுறதுக்கு முன்னாடியே ஸ்கேன் நடக்கும். வைரஸ் எழுந்து உக்கார்றதுக்குள்ள பிடிச்சிடலாம். சுமார் 15 நிமிஷம். திறந்திருக்கிற வேலையை முதல்ல சேவ் பண்ணிடுங்க. முடிவு ப்ரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில இருக்கும். அட, ஒண்ணு விட்டுட்டேன்! ஸ்கேனுக்கு முன்னாடியே ப்ரொடெக்‌ஷன் அப்டேட்ஸ்ல போய் செக் பண்ணி அப்டேட் ஏத்திக்கோங்க. பழைய டெஃபினிஷனை, அதாவது பழைய வைரஸ் அடையாளப் பட்டியலை வச்சு ஸ்கேன் போட்டா புது வைரஸ் கண்ணுல படாது.

இப்ப பென் டிரைவ். குத்துங்க, திறக்காதீங்க. டிரைவ் மேல ரைட் கிளிக் பண்ணி டிஃபெண்டர் ஸ்கேன். ஃபுல் ஸ்கேன் போட்டா பென் டிரைவும் சேந்து ஸ்கேன் ஆகிடும்னு நினைச்சுக்காதீங்க, சாதாரண செட்டிங்ல ஆகாது. அப்புறம் டிரைவ் எழுத்தைப் பாத்துக்கோங்க. எஃப்னு வச்சுக்குவோம். கமாண்ட் ப்ராம்ப்ட்ல எஃப், கோலன், என்டர். கர்சர் எஃப்புக்கு மாறிடுச்சான்னு பாருங்க. சி டிரைவ்லயே நின்னு அடிச்சீங்கன்னா விண்டோஸ் மறைச்சு வச்ச ஃபைலெல்லாம் வெளிய வந்துடும். இப்ப அந்த மறைச்ச குறியை எடுக்கிற கட்டளை, அட்ரிப், அதாவது ஏ, ரெண்டு டி, ஆர், ஐ, பி. ஒரு ஸ்பேஸ். மைனஸ் ஹெச், ஸ்பேஸ், மைனஸ் ஆர், ஸ்பேஸ், மைனஸ் எஸ், ஸ்பேஸ், ஸ்லாஷ் எஸ், ஸ்பேஸ், ஸ்லாஷ் டி. அட்ரிப்புக்கும் மைனஸுக்கும் நடுவுல ஸ்பேஸ் விடாம அடிச்சா எரர்தான் வரும். மைனஸ் ஹெச் மட்டும் போட்டாலும் வேலைக்கு ஆகாது, சிஸ்டம் குறி இருக்கிற வரைக்கும் ஹிடனை எடுக்கவே விடாது.

என்டர் தட்டினதும் ஃபோல்டர் எல்லாம் மங்கலா இல்லாம முழு நிறத்துல வந்து நிக்கும். சில சமயம் பேரே இல்லாத ஒரு ஃபோல்டரும் தெரியும். அதை அழிச்சுத் தொலைச்சிடாதீங்க! ஒரு வகை வைரஸ் உங்க ஃபைலை எல்லாம் அதுக்குள்ளதான் தள்ளி வைக்கும். உள்ள போய் எடுத்துக்கோங்க. போட்டோ, டாக்குமெண்ட் மட்டும் கம்ப்யூட்டருக்குக் காப்பி பண்ணுங்க. ஷார்ட்கட், வி பி எஸ், தெரியாத இ எக்ஸ் இ எதையும் தொடாதீங்க. இதுக்கப்புறம் ஃபார்மட் பண்ணுங்க, நான் தடுக்கவே மாட்டேன்.

நிஜமாவே போயிடுச்சான்னு தெரிய, காலி பென் டிரைவ்ல ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போட்டு ஒரு நிமிஷம் விட்டுப் பாருங்க. ஷார்ட்கட் முளைச்சா கம்ப்யூட்டர் இன்னும் சுத்தமாகல. வைரஸ் ஓடின கம்ப்யூட்டர்ல பேங்க், மெயில் திறந்திருந்தா பாஸ்வேர்டை மாத்துங்க, ஆனா வேற போன்ல இருந்து. பணம் போயிருந்தா தள்ளிப் போடாம சைபர் மோசடி புகார் எண் 1930க்கு கூப்பிடுங்க.

சரி, இப்ப நான் துள்ளிக் குதிக்கிற விஷயம்! இதைப் பாருங்க, பெரிய எஸ்டி கார்டு, இடது ஓரத்துல குட்டி பொத்தான். கீழ தள்ளினா லாக். இதை ஒரு யூஎஸ்பி ரீடர்ல போட்டு ஜெராக்ஸ் கடையில குடுத்தா, அந்த கம்ப்யூட்டர்ல எத்தனை வைரஸ் இருந்தாலும் உங்க கார்டுல ஒரு எழுத்து எழுத முடியாது. ரீடர் 170 ரூபா. வெறும் 170 ரூபா மக்களே! லாக் பொத்தான் வச்ச பென் டிரைவ் தேடினா அதைவிட பல மடங்கு விலை சொல்றாங்க, கிடைக்கிறதும் கஷ்டம். கார்டுகூட புதுசா வாங்க வேண்டாம், பழைய மைக்ரோ எஸ்டியோட வந்த அடாப்டர்லயும் இதே பொத்தான் இருக்கும். ஒரே எச்சரிக்கை: அந்தப் பொத்தான் கார்டுக்குள்ள எதையும் பூட்டாது. பொத்தான் எங்க நிக்குதுன்னு பாத்து, எழுதாம இருக்க வேண்டியது ரீடர்தான். சில ரீடர் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. வாங்கினதும் லாக் பண்ணி ஒரு ஃபைல் காப்பி பண்ணிப் பாருங்க. "ரைட் ப்ரொடெக்டட்"னு சொன்னா நல்ல ரீடர், காப்பி ஆச்சுன்னா அன்னைக்கே திருப்பிக் குடுத்துடுங்க.

"ஷார்ட்கட் வைரஸ் ரிமூவர்"னு கண்ட சைட்ல இருந்து எதையும் இறக்காதீங்க. நம்ம அரசாங்கத்தோட சைபர் ஸ்வச்தா கேந்திரா சைட்லயே வைரஸ் எடுக்கிற டூல் இலவசமா இருக்கு. அப்புறம் காசு குடுக்காம சாஃப்ட்வேரை ஓட்ட வைக்கிற அந்த கிராக் சமாச்சாரம். ஆன்ட்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொல்ற எந்த ஆக்டிவேட்டரும் எனக்கு ஆகவே ஆகாது. எத்தனை பேர் கேட்டாலும் அந்த வீடியோ இந்த சேனல்ல வராது.

டெஸ்ட் பண்ணின ரீடர்ல எது லாக்கை மதிச்சுது, எது மதிக்கலன்னு பின் பண்ணின கமெண்ட்ல போட்டிருக்கேன், பாத்துட்டு வாங்குங்க.